பார்க்காத வண்டி

கோர்ட்டில் அவளுக்கு வைத்த பெயர் டேப், அதாவது டேப் ரெக்கார்டர். இளையவர்கள் 'டேப் அக்கா' என்பார்கள். மூத்த வக்கீல்கள் முதுகுக்குப் பின்னால் வெறும் 'டேப்' என்பார்கள். முப்பது வருஷமாக அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், நீதிபதியின் மேடைக்குக் கீழே ஒரு சின்ன மேசையில் உட்கார்ந்து, சாட்சிகள் சொல்வதைச் சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு தட்டச்சு செய்து கொடுப்பதுதான் அவள் வேலை. நோட்டைப் புரட்டாமலே, போன மாதம் எந்தச் சாட்சி என்ன சொன்னான், எந்த இடத்தில் தொண்டையைச் செருமினான் என்பதுவரை சொல்லுவாள். நீதிபதியே சில சமயம் பக்கத்தைத் தேடச் சோம்பல்பட்டு, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்ப்பார். அவள் சொல்லுவாள். அதற்கு மேல் அங்கே பேச்சில்லை.

வீட்டில் இந்தத் திறமைக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற அவள் கணவர் சண்டை போடுவதையே விட்டுவிட்டார். "உன்கிட்ட வாயைக் கொடுத்தா, கல்யாணமான புதுசுல நான் உளறினதைத் தேதி போட்டு எடுத்து நீட்டுவே. எனக்கெதுக்கு இந்த வம்பு?" என்று செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

அவளிடம் இருந்த ஞாபகங்களிலேயே கெட்டியானது எட்டு வயதில் பதிந்தது. வீட்டு வாசலில் நிற்கிறாள். மத்தியான வெயில். தெருவில் ஐந்து வயதுத் தங்கை குனிந்து எதையோ பொறுக்குகிறாள். முனையிலிருந்து நீல வண்டி ஒன்று வேகமாகத் திரும்புகிறது. ரொட்டிக் கம்பெனி வேன். டிரைவர் கழுத்தில் ஒரு துண்டு. அவன் தெருவைப் பார்க்காமல் பக்கத்து இருக்கையில் எதையோ துழாவுகிறான். பிறகு ஒரு சத்தம். வண்டி நிற்காமல் போய்விடுகிறது. அவள் தலைமுடி காற்றில் பறந்து முகத்தை மறைக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் பார்க்கும்போது தங்கை அசையவில்லை.

இதை அவள் கூண்டில் ஏறிச் சொன்னாள். டிரைவருக்கு மூன்று வருஷம் சிறை கிடைத்தது. நாற்பத்தாறு வருஷமாக, குளிக்கும்போதோ பஸ்ஸில் நிற்கும்போதோ கேட்காமல் கொள்ளாமல் அந்த நீல வண்டி வந்துகொண்டுதான் இருந்தது. அவள் கோர்ட் வேலைக்கு வந்ததற்குக்கூட அதுதான் காரணம் என்று சொல்லலாம். அன்றைக்கு அவள் சொன்னதை ஒருவர் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார். தான் பேசப் பேச ஒரு பெரிய மனிதர் குனிந்து எழுதுவது அவளுக்கு ஒரு பிடிமானமாக இருந்தது.

ஓய்வுக்கு இன்னும் நான்கு வருஷம் இருந்தபோது, பழைய வழக்குக் கட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற உத்தரவு வந்தது. உயிர் போன வழக்குகளின் கட்டுகளை அழிக்கக் கூடாது என்பது அங்கே பழைய விதி. அதனால் கீழ்த்தளத்து ரெக்கார்டு அறையில் அவை மட்டும் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. கோடை விடுமுறையில் அந்த வேலையை அவளிடம் கொடுத்தார்கள். கட்டைப் பிரித்து, தூசி தட்டி, வழக்கு எண்ணும் பெயர்களும் அடித்து, தாள்களை ஸ்கேன் செய்பவரிடம் தள்ள வேண்டும்.

ஒன்பதாவது நாள் பிரித்த கட்டில் அவள் அப்பாவின் பெயர் இருந்தது.

உடனே மூடி வைத்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். தனக்குத் தெரியாதது இதில் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் திரும்பி வந்து பிரித்தாள். தன் சாட்சியத்தை முதலில் எடுத்தாள். எதிர்பார்த்தபடியே வரிக்கு வரி மனதில் இருந்தது போலவே இருந்தது. தீர்ப்பில் அவளைப் பற்றி ஒரு வரி: 'சிறுமியின் சாட்சியம் தெளிவாகவும் தடுமாற்றமின்றியும் உள்ளது. எனவே பழுதுபார்க்கும் பட்டறைக்காரரின் கூற்றை ஏற்க இயலவில்லை.'

பட்டறைக்காரரா? அப்படி ஒருவர் இருந்ததே அவளுக்குத் தெரியாது. தாள்களைப் பின்னால் தள்ளினாள். பட்டறைக்காரர் சொல்லியிருந்தார்: அந்த வேன் அன்று காலையிலிருந்து சாயங்காலம்வரை பிரேக் வேலைக்காகத் தன் பட்டறையில், சக்கரம் கழற்றிய நிலையில் நின்றது.

அதற்கும் அடியில், பழுப்பேறிய அரைத்தாள் ஒன்று. விபத்து நடந்த அன்றே ஒரு காவலர் பென்சிலால் எழுதியது. 'மூத்த மகள், வயது எட்டு. விசாரித்ததில், தான் வீட்டுக்குள் இருந்ததாகவும், தாயார் தனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்ததாகவும், சத்தம் கேட்டு வெளியே வந்தபோது கூட்டம் மட்டும் நின்றதாகவும், வாகனம் எதையும் பார்க்கவில்லை என்றும் சொல்கிறாள்.'

அவள் அதை நான்கு தடவை படித்தாள். அவளுக்கு முதலில் வந்தது கோபம். எந்த மடையன் இப்படித் தப்பாக எழுதி வைத்திருக்கிறான் என்ற கோபம். கண்ணை மூடினாள். வாசல் வந்தது, வெயில் வந்தது, நீல வண்டி வந்தது, துண்டு வந்தது. முடி பறந்து முகத்தில் விழுந்தது.

அப்போதுதான் அது உறைத்தது. சின்ன வயதில் அவளுக்கு எப்போதும் இறுக்கி இரட்டைப் பின்னல்தான். முகத்தில் வந்து விழ முடி ஏது?

சாயங்காலம் நேராக அம்மா வீட்டுக்குப் போனாள். அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. தனியாகத்தான் இருந்தாள், மாடிக் குடியிருப்பில் இரண்டு அறைகள். அப்பா இறந்து பன்னிரண்டு வருஷம். அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பாப்பா செத்த அன்னைக்கு நான் எங்க இருந்தேன்?"

"இதென்ன திடீர்னு? வாசல்ல நின்னே. நீதானே எல்லாத்தையும் பார்த்தே."

"நீ எங்க இருந்தே?"

"சமையல்கட்டுல."

"அப்போ என் தலையை யாரு பின்னிவிட்டா?"

அம்மாவின் கை ஒரு தலையணை உறைமேல் அப்படியே நின்றது. அதன் மடிப்பை நீவினாள். மறுபடி நீவினாள். சாட்சி வாய் திறக்கும்வரை பென்சிலை உயர்த்தாமல் காத்திருப்பது மகளுக்குப் பழக்கம்.

"ஒரு பக்கம்தான் பின்னினேன்" என்றாள் அம்மா. "இன்னொரு பக்கத்துக்குச் சீப்பை எடுக்கிறேன், சின்னவ வந்து மடியில விழுந்து படுத்தினா. போய் வெளியில விளையாடுடின்னு நான்தான் அதட்டி அனுப்பினேன். அனுப்பி அஞ்சு நிமிஷம் ஆகல."

"அப்பா கேட்டாரா?"

"கேட்காம? வந்ததும் வராததுமா, குழந்தையை யாரு பார்த்துக்கிட்டா, நீ என்ன பண்ணிட்டு இருந்தேன்னு கேட்டார். எனக்கு இருபத்தேழு வயசு. பயந்து நடுங்கிட்டேன். நான் அடுப்புல வேலையா இருந்தேன், பெரியவ வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தான்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைதான்."

அந்த ஒரு வார்த்தை எப்படி வளர்ந்தது என்பது மகளுக்கே தெரிந்தது. வழக்குக் கட்டில் எல்லாம் தேதிவாரியாக இருந்தது. வாசலில் நின்றவள் பார்த்திருக்க வேண்டுமே என்று அப்பா கேட்டார். பயத்தில் மறந்திருப்பாள், மெதுவாகக் கேளுங்கள் என்றார் ஒரு காவல் அதிகாரி. தெருவில் தினமும் வரும் வண்டி எது என்று கேட்டார்கள். ரொட்டி வண்டி என்று குழந்தை சொன்னது. என்ன நிறம்? நீலம். மறுவாரம் கம்பெனிக்கே கூட்டிப்போய் வண்டியைக் காட்டினார்கள். இதுதானே? இதுதான். அதற்கடுத்த வாக்குமூலத்தில் துண்டு வந்தது. அதற்கடுத்ததில், பக்கத்து இருக்கையில் துழாவும் கை. ஐந்தாவதில் ஒரு குறையும் இல்லை. அதைத்தான் அவள் கூண்டில் சொன்னாள். யாரும் அவளுக்குப் பொய் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் கேட்டார்கள். பதில் சொல்லும்போதெல்லாம் அப்பா அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"ஏம்மா அப்புறமாவது சொல்லல?"

"நீ அவ்வளவு விவரமா சொன்னியேடி. சொல்லச் சொல்ல, ஒருவேளை நீ என் கையை விட்டு எழுந்து போயிருப்பியோன்னு எனக்கே தோணிப்போச்சு." அம்மா அழவில்லை. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். "இப்பவும் சத்தியமா எது நடந்ததுன்னு எனக்குத் தெரியல. சீப்பு கையில இருந்தது மட்டும் தெரியும்."

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு திருட்டு வழக்கில், மூளையைப் படித்த டாக்டர் ஒருவர் வந்து சாட்சி சொல்லியிருந்தார். அதை எடுத்தவளே அவள்தான். வார்த்தை பிசகாமல் மனதில் இருந்தது, ஆனால் அன்றைக்கு அது விரல் வழியாகத் தாளுக்குப் போனதே தவிர உள்ளே இறங்கவில்லை. 'ஞாபகம் என்பது பெட்டியில் பூட்டி வைத்த பொருள் அல்ல. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மூளை அந்த நிகழ்ச்சியைப் புதிதாகக் கட்டுகிறது. கேட்ட கேள்வியில் இருந்த சொல்லைக்கூட எடுத்துக் கல்லாக வைத்துவிடும். கட்டி முடித்த பிறகு, எது பார்த்தது, எது கேட்டது என்று நினைப்பவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது.'

அந்த டாக்டரைத் தேடிப் பிடித்து, நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் விஷயத்தைச் சொன்னாள்.

"ஆனா எனக்கு எதுவுமே மறக்காது டாக்டர். கோர்ட்டுல யாரை வேணும்னாலும் கேளுங்க."

"உங்களுக்கு வார்த்தை மறக்காதும்மா. அதுவே இதுல ஒரு கஷ்டம்" என்றார் அவர். "மத்தவங்க சொன்ன வார்த்தையையும் நீங்க கெட்டியா வெச்சுக்குவீங்க. ஒருத்தர் உறுதியா இருக்கறதும், அவர் சொல்றது சரியா இருக்கறதும் வேற வேற விஷயம்."

"சரி, இப்போ தெரிஞ்சுபோச்சு இல்லையா? இனிமே அந்த வண்டி வராதே?"

டாக்டர் பேனாவை மூடினார். "வரும்" என்றார்.

வந்தது. முன்னைவிடத் தெளிவாக வந்தது. இப்போது டிரைவர் திரும்பி அவளைப் பார்த்தான்.

டிரைவரைக் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. வழக்குக் கட்டில் இருந்த விலாசத்தில் யாரோ ஒருவர் இன்னொரு விலாசம் சொன்னார். பஸ் டிப்போவுக்குப் பின்னால் தையல் கடை ஒன்று. மேலே வீடு. கடை அவருடைய மகளுடையது. ஐம்பது வயது மதிக்கத்தக்க அந்தத் தையல்காரப் பெண், வந்தவள் யாரென்று தெரிந்ததும் மெஷினை நிறுத்தினாள்.

"அந்தச் சாட்சிப் பொண்ணா?"

"ஆமா."

"இப்போ என்ன வேணும் உங்களுக்கு? எங்கப்பா ஜெயில்ல இருந்தப்போ எங்கம்மா ஊர் வீடெல்லாம் பாத்திரம் தேய்ச்சாங்க. என்னைப் பள்ளிக்கூடத்துல கொலைகாரன் பொண்ணுன்னுதான் கூப்பிட்டாங்க. இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?"

டேப் அக்கா பையிலிருந்து, பென்சில் தாள், பட்டறைக்காரரின் வாக்குமூலம் இரண்டின் நகலையும் எடுத்துத் துணி வெட்டும் மேசைமேல் வைத்தாள். தையல்காரப் பெண் படித்தாள். அவள் உதடு மெல்ல அசைந்தது. படித்து முடித்துத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு, "மேல வாங்க" என்றாள்.

டிரைவருக்கு எழுபத்து நான்கு வயது. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிறையிலிருந்து வந்த பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. மரச்சாமான் கிடங்கு ஒன்றில் காவலாளாகவே காலத்தை ஓட்டினார். வந்தவள் யாரென்று மகள் சொன்னதும் எழுந்து நிற்கப் பார்த்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

"நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும்மா. நானே வந்து உங்க அப்பா கால்ல விழுந்திருக்கணும். தைரியம் வரல."

"ஐயா, நான் சொன்னது தப்பு" என்றாள் அவள். வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் கலைந்துபோயின. "நான் பார்க்கவே இல்ல. நான் வீட்டுக்குள்ள இருந்தேன். உங்க வண்டி அன்னைக்குப் பட்டறையில இருந்திருக்கு. நீங்க அங்க வரவே இல்ல."

அவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

"வந்தேம்மா" என்றார். "எனக்கு ஞாபகம் இருக்கு."

மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவளுக்கு இது புதிதில்லை போலிருந்தது.

"வளைவுல திரும்பறேன். பக்கத்து சீட்டுல பில் புஸ்தகம் சரியுது, அதைப் பிடிக்கக் குனியறேன். நிமிர்றதுக்குள்ள ஒரு சத்தம். சக்கரம் லேசா ஏறி இறங்குச்சு. அது என் இடுப்புல இன்னும் இருக்கும்மா. படியில இறங்கும்போதெல்லாம் வருது."

பில் புத்தகம் என்று அவள் எங்கும் சொன்னதில்லை. 'எதையோ துழாவினார்' என்றுதான் சொன்னாள். அந்த 'எதையோ' அவரிடம் போய் ஒரு பொருளாக ஆகியிருக்கிறது.

"ஆனா முதல்ல நீங்க இல்லைன்னுதானே சொன்னீங்க? கட்டுல இருக்கே."

"சொன்னேன். ஆரம்பத்துல அப்படித்தான் தெரிஞ்சது. நாலு வருஷமா தினமும் அதே தெரு, அதே வளைவு. ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் வித்தியாசம் ஏது? ஸ்டேஷன்ல கேட்டாங்க, பச்சைப்புள்ளை பொய் சொல்லுமாடான்னு. சொல்லாதுன்னுதான் எனக்கும் தோணுச்சு. அப்புறம் நீங்க கூண்டுல நின்னு சொன்னீங்க. அழாம, கணீர்னு. கேட்கக் கேட்க எனக்குத் தெரிய ஆரம்பிச்சுது. ரெண்டாவது வருஷம் உள்ள இருக்கும்போது முழுசா வந்துடுச்சு."

பட்டறைக்காரரின் வாக்குமூலத்தை அவள் படித்துக் காட்டினாள். சக்கரம் கழற்றியிருந்தது என்ற வரியை இரண்டு தடவை படித்தாள். அவர் தலையைச் சாய்த்து, தூரத்தில் யாரோ பேசுவதைக் கேட்பது போலக் கேட்டார்.

"அவன் நல்ல மனுஷன். என்னைக் காப்பாத்தச் சொல்லியிருப்பான்" என்றார். பிறகு, குரல் மாறி, "அப்போ எனக்குள்ள இருக்கறது யாரோடது?" என்று கேட்டார்.

அவள் வாக்குமூலத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாம், தான் சத்தியப் பிரமாணம் எழுதித் தருகிறேன், அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று சொன்னாள். மகளும் கெஞ்சினாள். "அப்பா, ஒரே ஒரு கையெழுத்துப்பா." அவர் தலையாட்டி மறுத்தார்.

"நாற்பத்தஞ்சு வருஷமா காலையில எழுந்ததும் முதல் வேலையா அந்தக் குழந்தைகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கேன். நான் இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டா, நாளைக்குக் காலையில அதுகிட்ட யாரு கேட்பா?"

கிளம்பும்போது அவர் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார். "சின்னப்பாப்பா என் வண்டியைப் பார்த்தா கையை ஆட்டும், தெரியுமா? 'பன்னு மாமா, பன்னு மாமா'ன்னு கத்தும். 'ப' சரியா வராது அதுக்கு. 'வன்னு மாமா'ன்னும்."

அவள் படிக்கட்டில் பாதி இறங்கி உட்கார்ந்துவிட்டாள். நடக்காத ஒரு விபத்தை நிறத்தோடும் நிழலோடும் காப்பாற்றி வைத்திருந்தவளுக்கு, தங்கையின் குரல் ஒரு துளிகூட மிச்சமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. 'வன்னு மாமா' நிஜமா, அதுவும் அவர் கட்டியதா என்று கேட்டுச் சரிபார்க்க ஆளில்லை. அம்மாவைக் கேட்டாள். அம்மா, "அப்படித்தான் சொல்லுவா" என்றாள் உடனே. பிறகு, "சொல்லுவான்னுதான் நினைக்கிறேன்" என்றாள்.

கொஞ்ச நாளில் அந்தக் குரல் அவளுக்கே கேட்க ஆரம்பித்தது. எங்கிருந்து வந்தது, எந்தக் கிழமை வந்தது என்று தெரிந்திருந்தும் கேட்டது. பாத்திரம் கழுவும்போது பின்னாலிருந்து, கொஞ்சம் மழலையாக. கணவர் ஒருநாள், "யாரைத் திரும்பிப் பார்க்கறே?" என்றார். "யாருமில்ல" என்றாள். அவர் எழுந்து வந்து குழாயை மூடிவிட்டு, அவள் கையிலிருந்த தட்டை வாங்கித் தானே கழுவினார்.

டிரைவரின் கையெழுத்து இல்லாமலே அவள் தன் பிரமாணத்தோடு மனுவைத் தாக்கல் செய்தாள். பொய்ச்சாட்சி சொன்னதாக உன்மேலேயே திரும்பலாம் என்று கூட வேலை பார்ப்பவர்கள் பயமுறுத்தினார்கள். எட்டு வயதுக் குழந்தைமேல் யாரும் வழக்குப் போட மாட்டார்கள், போட்டாலும் போடட்டும் என்றாள். மனுவுக்கு எண் கிடைக்க நாலு மாசம், விசாரணைக்கு வர இன்னொரு ஆறு மாசம். அதற்குள் டிரைவர் காலமாகிவிட்டார். மகள் வாரிசாகச் சேர்ந்து வழக்கை நடத்தினாள்.

கூண்டில் ஏறி நின்றபோது அவளுக்கு வாய் குழறியது. எதிர்த்தரப்பு வக்கீல், அவளை வருஷக்கணக்காகத் தெரிந்தவர், சங்கடத்தோடுதான் கேட்டார்: "அம்மா, இப்போ கண்ணை மூடினா உங்களுக்கு என்ன தெரியுது?"

"நீல வண்டி தெரியுது" என்றாள். "ஆனா நான் அதைப் பார்க்கல."

"ரெண்டுல எதை இந்தக் கோர்ட் நம்பணும்?"

"ரெண்டையும் நம்ப வேண்டாங்க. பென்சில்ல எழுதின தாளைப் பாருங்க."

உத்தரவு இரண்டு பக்கம்தான் வந்தது. தண்டனை ரத்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை. குழந்தைமேல் மோதிய வண்டி எது என்று அதில் இல்லை. அது இனி யாருக்கும் தெரியப்போவதுமில்லை.

தையல்காரப் பெண் சான்றிட்ட நகலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். அவள் உத்தரவை ஒரு தடவை படித்து, துணி மடிப்பது போல நாலாக மடித்தாள்.

"கடைசி வாரம் ஆஸ்பத்திரியில பக்கத்துப் படுக்கைக்காரர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு இருந்தார். வளைவு, பில் புஸ்தகம், எல்லாம். நான் பக்கத்துல நின்னுக்கிட்டு, இல்லப்பா, இல்லப்பான்னு சொல்லிட்டே இருந்தேன். அந்த ஆளு யாரை நம்பினாரோ."

டேப் அக்கா பையை மறு தோளுக்கு மாற்றினாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றாள் அந்தப் பெண், தெருவைப் பார்த்தபடி. "அவர் சொல்லிச் சொல்லி, எனக்கே அந்த வளைவு தெரியுதுக்கா. நான் அந்தத் தெருவுக்குப் போனதே இல்ல."

முதலில் வந்தது அந்தப் பெண்ணின் பஸ். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, மடித்த காகிதத்தை மடிமேல் வைத்துக்கொண்டாள். அது கிளம்பிப் போகும்வரை டேப் அக்கா நின்றாள். பிறகு தன் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், நடந்தே வீட்டுக்குப் போனாள்.